மூன்று கொட்டகைக்கு ஒரு வண்டி

"படம் பாதியில நின்னுபோனா ஜனம் இன்னா பண்ணும், சொல்லு?" என்று என் அண்ணன் ஷரீஃப் ஒருநாள் சோறு தின்றுகொண்டே கேட்டான். நான் சினிமாக் கொட்டகைக்குள் போனதே இல்லை. "விசில் அடிக்கும்" என்றேன்.

"விசிலோட விட்டா பரவால்ல. பெஞ்சை உடைக்கும். அப்பால மொதலாளி என்னை உடைப்பாரு."

அவன் வேலை அப்படி. முதலாளி வேதாந்தத்துக்கு மயிலாப்பூரில் ஒரு கொட்டகை, தியாகராய நகரில் ஒரு கொட்டகை. இரண்டிலும் ஒரே படம். ஆனால் பிரதி ஒன்றுதான். மயிலாப்பூரில் ஆட்டம் முன்னதாகத் தொடங்கிவிடும். அங்கே ஓடி முடிந்த ரீல்களைத் தகரப் பெட்டியில் போட்டுச் சைக்கிளில் கட்டி அண்ணன் தியாகராய நகருக்குக் கொண்டுபோவான். அங்கே ஓடிக்கொண்டிருக்கும் ரீல் தீர்வதற்குள் போய்ச் சேர வேண்டும். இந்த வருஷம் முதலாளி அடையாற்றிலும் ஒரு டூரிங் கொட்டகை போட்டுவிட்டார். மூன்று இடத்துக்கும் சைக்கிள் மிதித்து ஆகாது. மாதம் பிறப்பதற்குள் மோட்டார் சைக்கிளோடு வா, இல்லையென்றால் வண்டி வைத்திருப்பவனுக்கு வேலையைக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

வாப்பா இறந்த பிறகு வீட்டுக்கு வருகிற சம்பளம் அது ஒன்றுதான். விற்பதற்கு இருந்ததோ என் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த நாலு வளையல். அம்மா அமீனா பீ அதில் கறாராக இருந்தாள். "வளையல் ஜமீலாவோடது. அவ சரின்னு சொல்ற வண்டியத்தான் வாங்கணும்."

அண்ணன் சிரித்தான். "அஞ்சாங் கிளாஸோட பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. பால்காரன் வந்தாலே உள்ள ஓடறா. இவ மோட்டார் சைக்கிள் பாக்கப் போறாளா?"

நான் பார்த்தே தீர்வது என்று முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு வண்டிகள் விலைக்கு இருந்தன. ஒன்று ராயப்பேட்டையில் மெஹபூப் அலியின் பட்டறையில். ஒற்றை சிலிண்டர், கறுப்பு நிறம், முழுக்கப் பிரித்துப் பூட்டியது. முந்நூறு ரூபாய்க்கு ஒரு காலணா குறையாது என்றாராம். அண்ணன் அதை இரவல் வாங்கி ஒரு மாலை முழுதும் ரீல் பெட்டியோடு ஓட்டிவிட்டு வந்து அலுத்துக்கொண்டான். "கெயவன் மாரி இருமிக்கினே போவுது. பஸ்ஸுகூட தாண்டிப் போயிடுது."

"எங்கியாச்சும் நின்னுச்சா?" என்றேன்.

"நிக்கல. நின்னிருந்தாகூட ஒரு ருசி இருந்திருக்கும்."

மற்றது சீமைக்குத் திரும்பப்போகும் ஒரு வெள்ளைக்காரர் தீவுத்திடலில் பந்தயம் விட்ட வண்டி. இரட்டை சிலிண்டர். ஆழ்வார்பேட்டைத் தரகர் ஸ்ரீரங்கன் அதை இருநூற்றைம்பதுக்கு முடித்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். வேகமான வண்டிக்கு ஏன் விலை குறைவு என்று கேட்டேன். "அவன் கப்பல் ஏறப் போறான், அவசரம்" என்றான் அண்ணன். எனக்கு அது பாதிப் பதிலாகத்தான் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கன் அந்த வண்டியைக் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்துக்கே ஓட்டிக்கொண்டு வந்தார். நானும் அம்மாவும் வாசல் மூங்கில் தட்டிக்குப் பின்னால் நின்றோம். சிவப்பு டாங்க். பளபளவென்று குழாய்கள். அது உறுமியதில் எங்கள் வீட்டு ஓடுகள் அதிர்ந்தன. ஓடுகிற இன்ஜினை அணைக்காமலே அவர் அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் கடற்கரை ரோடு வரை போய் வந்தான். இறங்கும்போது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் வெகுநாளாகப் பார்த்ததில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பாத்தேளா? இதை முந்தற வண்டி மெட்ராஸ்ல கிடையாது" என்றார் ஸ்ரீரங்கன். இன்ஜின் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

வேற்று ஆண்களிடம் நான் பேசும் வழக்கமில்லை. நான் அம்மா காதில் சொல்வேன். அம்மா தட்டி வழியாக வெளியே சொல்வாள். "வண்டியை நிறுத்திட்டு, சூடு ஆறறதுக்குள்ள திரும்பக் கிளப்பச் சொல்லு" என்றேன். அண்ணனின் மாலைப் பொழுது அப்படித்தான். கொட்டகை வாசலில் நிறுத்துவான், பெட்டியை மாற்றுவான், உடனே கிளம்புவான்.

வீடு தேடி வந்தவரைப் பரீட்சை பண்ணுவதா என்று அம்மாவுக்குக் கூச்சம். "சாமி, வெயில்ல வந்துகீறீங்க. வண்டிய நிறுத்திட்டு ஒரு சோடா குடிங்க. அப்பால கிளப்பலாம்" என்றாள். எங்கள் வீட்டு டீயை அவர் தொடமாட்டார். கடை கோலி சோடா என்றால் தடையில்லை. அண்ணன் சோடா தேடிப் போனான். முதல் கடையில் கிடைக்காமல் குளத்தங்கரை வரை போய் வாங்கி வந்தான். ஸ்ரீரங்கன் நிதானமாகக் குடித்து, ஏப்பம் விட்டு, உதைத்தார். ஒரே உதையில் வண்டி கிளம்பியது.

"திருப்திதானே?" என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

சோடா வந்து தீர்வதற்குள் இன்ஜின் ஆறிவிட்டது. மறுபடி சொன்னால் அவள் அதையும் இன்னொரு சோடாவாக்கிவிடுவாள். தட்டியைப் பார்த்து நானே பேசினேன்.

"அண்ணே, இன்னொரு தபா ஓட்டிக்கினு வா. தேனாம்பேட்டை வரைக்கும் போ. வந்து நிறுத்து. நிறுத்தின கையோட கிளப்பு. சோடா வேணாம்."

"யாரு பேசறது?" என்றார் ஸ்ரீரங்கன்.

"வளையலுக்குச் சொந்தக்காரி" என்றாள் அம்மா. அவள் குரலிலும் கொஞ்சம் மிடுக்கு வந்திருந்தது.

அண்ணன் போய் வந்து நிறுத்தினான். உதைத்தான். வண்டி முனகக்கூட இல்லை. சட்டை முதுகோடு ஒட்டும்வரை உதைத்தான். பிறகு ஸ்ரீரங்கன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே உதைத்துப் பார்த்தார். "பந்தய வண்டியோல்லியோ, கோபம் ஜாஸ்தி. சித்த ஆறட்டும், தானே கிளம்பிடும்."

"ஒரு ரீலு பத்து நிமிசந்தான், சாமி. அதுவரைக்கும் கொட்டாய்ல யாரு காத்துக்கினு இருப்பாங்க?" என்று நான் அவரிடமே கேட்டேன்.

"முப்பது ரூபா குறைச்சுக்கறேன், போம்மா."

"நீங்க குறைச்சா அது கிளம்புமா?"

அண்ணன் தட்டியருகே வந்து தணிந்த குரலில் பேசினான். "ஜமீலா, இந்த வெலைக்கு இந்த மாரி வண்டி கெடைக்காது. உனக்கும் ஒரு வளையல் மிஞ்சும். கழட்டிப் பாத்தா சரியாயிடும்."

"கழட்டும்போது ஒரு சாமான் உடைஞ்சா?"

அவன் ஸ்ரீரங்கனைப் பார்த்தான். அவர் பொய் சொல்லவில்லை. "சீமைலேர்ந்துதான் வரணும். ரெண்டு மாசம் ஆகும்."

"மெஹபூப் அலி வண்டிக்கு?"

"அவரு பட்டறையிலயே கீது" என்றான் அண்ணன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அப்ப கறுப்பு வண்டியை வாங்கு. நாலு வளையலும் போகட்டும். இதை வாங்கறதா இருந்தா ஒண்ணுகூடத் தரமாட்டேன்."

கைக்குட்டையில் முடிந்திருந்த வளையல்களைத் தட்டிக்கு வெளியே நீட்டினேன். சந்தில் போகிறவர்கள் என் கையைப் பார்த்தார்கள். நான் இழுத்துக்கொள்ளவில்லை.

அண்ணன் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு டாங்கின்மேல் கை வைத்தபடி நின்றான். பிறகு கைக்குட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொப்பியைச் சரிசெய்து, ராயப்பேட்டைப் பட்டறைப் பக்கமாக நடந்து போனான்.