குஞ்சத்துக்குத் திரும்ப மாட்டேன்

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டியதில்லை.

எங்கள் தூலா ஊரில் குவெரா என்றால் ஸ்வேட் என்ற மெத்தென்ற ஆட்டுத்தோலில் தைத்த மேலங்கி. மாடு மேய்ப்பவன் முள்காட்டுக்குள் புகுந்து வர ஒன்று வைத்திருப்பான். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் வெள்ளைப் பூவேலை செய்த இன்னொன்றை மாட்டிக்கொள்வான். முதலாளி தோன் அபுந்தியோவின் பட்டறையில் பெண்களுக்கு அங்கி ஓரத்துத் தோல்குஞ்சமும் பூவேலையும், ஆண்களுக்கு வெட்டுமேசை. பதினோரு வருஷம் குஞ்சம் நறுக்கினேன். அப்புறம் சண்டை போட்டுத்தான் அந்த மேசையில் இடம் பிடித்தேன்.

ஸ்வேட்டை ஒரு பக்கமாகத் தடவினால் வெளுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் கறுக்கும். அதனால் ஓர் அங்கியின் எல்லாத் துண்டுகளும் ஒரே திசையில் படியும்படி வெட்ட வேண்டும். பண்ணைக்காரர் காஸ்துலோவின் குவெராவுக்கு வலது கைத்துண்டை நான் தலைகீழாக வெட்டிவிட்டேன். பட்டறைக்குள் தெரியவில்லை. அவர் அதைப் போட்டுக்கொண்டு முற்றத்து வெயிலில் நின்றதும் அவர் மனைவி சிரித்துவிட்டாள்.

“என்னங்க இது, ஒரு கையை மட்டும் அடுப்புல காட்டின மாதிரி இருக்கு!”

தோன் அபுந்தியோவின் முகம் சிவந்தது. “யாரு வெட்டினது?”

“நான்தான். சாயங்காலத்துக்குள்ள மாத்திக் குடுத்துடறேன்.”

“மாத்திக் குடு. திங்கட்கிழமையிலேர்ந்து குஞ்சத்துக்கே போயிடு, பிரிஹிதா. இதுக்குக் கண்ணு வேணும்.”

பக்கத்து மேசை எலாதியோ விடுவானா? “நான் அன்னிக்கே சொன்னேன். நறுக்கறது வேற, வெட்டறது வேற” என்றான். சாயங்காலத்துக்குள் கைத்துண்டை மாற்றினேன். காஸ்துலோ திருப்தியாக வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை புனித அந்தோணியார் திருவிழா. கோயில் முன்னால் அறுபது குதிரைகள், அறுபது குவெராக்கள். காலை வெயில் சாய்வாக அடித்தது. வருஷா வருஷம் பார்க்கிற கூட்டம்தான், ஆனால் அன்றுதான் வெட்டுகிறவளின் கண்ணோடு பார்த்தேன். ஒருவருக்குக் கழுத்துப்பட்டை கறுத்திருந்தது. இன்னொருவருக்குப் பை. எங்கள் பட்டறைப் பூவேலை எனக்குத் தெரியாதா? எல்லாம் நான் மேசைக்கு வருவதற்கு முன்னால் எலாதியோ வெட்டியவை.

எலாதியோவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். “இந்தக் கழுத்துப்பட்டை யாரு வெட்டினது?”

“அது தோலோட குணம்” என்றான். “ஆட்டுக்கு ஆடு மாறும்.”

“நான் வெட்டினா எனக்குக் கண்ணு இல்ல, நீ வெட்டினா ஆடு பண்ண தப்பா?”

குதிரைக்காரர்கள் சிரித்தார்கள். சிலர் தங்கள் அங்கிக் கைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் குதிரைமேல் இருந்த தோன் அபுந்தியோ திரும்பிப் பார்த்தார்.

“என்ன கூத்து இது? வீட்டுக்குப் போ!”

“போறேன். உங்க குவெரா யாரு வெட்டினது, தோன் அபுந்தியோ?”

“நானே வெட்டினேன். என் மூத்த மக கல்யாணத்துக்கு. இந்த ஊர்ல அதுக்கு ஈடு கிடையாது.”

“அப்போ அப்படியே வெயிலுக்கு முதுகைக் காட்டிட்டு நில்லுங்க.”

அவருடைய முதுகின் இடது பாதி வெளுப்பு, வலது பாதி கறுப்பு. பதினைந்து வருஷமாக அதை யாருமே அவரிடம் சொன்னதில்லை. முதலாளியிடம் யார் சொல்வார்கள்? காஸ்துலோவின் மனைவிதான் கூவினாள். “ஆமாங்க! பாதி முதுகு கறுப்பு!”

சந்தேகம் தீராமல் அவர் அங்கியைக் கழற்றிக் கைமேல் விரித்துப் பார்த்தார். தடவினார். எதிர்ப்பக்கம் தடவினார். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது.

“நாளைக்கு நாம மூணு பேரும் குஞ்சம் நறுக்குவோம்” என்றேன். “மேசையை யாருக்குக் குடுக்கலாம்னு நீங்களே சொல்லுங்க.”

கோயில் மணி அடித்தது. ஊர்வலத்தை எப்போதும் அவர்தான் முன்னால் நின்று நடத்துவார். அன்று குதிரையைத் திருப்பிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார்.

திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் வெட்டுமேசையில் தோலை விரித்தேன். எலாதியோ வந்து தன் இடத்தில் நின்றான். தோன் அபுந்தியோ வந்து தன் குவெராவை என் முன்னால் போட்டார்.

“முதுகை மாத்திக் குடு.”

“மாத்தித் தரேன். குஞ்ச மேசையில உக்காந்து மாத்த முடியாது.”

பட்டறையில் கத்திகள் எல்லாம் நின்றன. பூவேலைப் பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

“இங்கேயே வெட்டு” என்றார். நான் கத்தியை எடுக்கவில்லை.

“இன்னிக்கு மட்டுமா?”

“வெட்டுன்னு சொல்றேன்ல!” என்று கத்தினார். “தினமும்தான்!”