வட்டத்துக்கு வெளியே ஒரு நாள்

முந்நூற்று அறுபத்தைந்து என்ற எண் தச்சர்களைப் பழிவாங்கவே பிறந்தது. முந்நூற்று அறுபது என்றால் காம்பஸை வைத்து அரை நாளில் வட்டத்தைப் பிரித்துவிடலாம். முந்நூற்று அறுபத்தைந்தை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கிலும் எழுபத்து மூன்று நிற்கும், அது எதற்கும் மசியாது. நாட்காட்டிச் சக்கரம் ஒன்று செய்ய உட்கார்ந்த தச்சன் ஃபரீதூன் மூன்று பலகைகளைப் பாழாக்கிய பிறகுதான் வழி கண்டான். பருத்தி நாடா ஒன்றில் நாளுக்கு அரை விரல் வீதம் கோடு போட்டுக்கொண்டு, நாடாவின் இரு முனையும் விளிம்பில் சரியாகத் தொடும்வரை சக்கரத்தை இழைத்து இழைத்துச் சிறிதாக்கினான். அதற்கே ஆறு மாதம் ஆயிற்று. அவனிடம் கதவு கேட்டிருந்தவர்கள் கதவில்லாமலே குளிர்காலத்தைக் கழித்தார்கள்.

ஈரானில் யஜ்துக்குத் தெற்கே இருந்த அந்தச் சிற்றூரில், அக்கினி முன் தொழுகிற ஜரதுஷ்டிர மதத்தாருக்கு இருபத்தொரு வீடுகள். ஊர் பழைய கணக்கில்தான் ஓடியது. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள், கூடவும் இல்லை குறையவும் இல்லை. சூரியனோ அதைவிடக் கால் நாள் அதிகம் கேட்கிறவன். அந்தக் கால் நாட்கள் சேர்ந்து சேர்ந்து, வசந்தத்தில் வரவேண்டிய புத்தாண்டான நவ்ரோஸ் இப்போது ஆகஸ்டு வெயிலில் வந்து நின்றது. பண்டிகைக்கு முளைக்க வைத்த கோதுமை விருந்தாளி வருவதற்குள் கருகிவிடும். தெஹ்ரானில் இருந்தவர்கள் இதைச் சரிசெய்துவிட்டார்கள். நவ்ரோஸை வசந்தத்துக்கே கொண்டுவந்து, அதற்கு முன்னால் நாலு வருஷத்துக்கு ஒரு தடவை கூடுதலாக ஒரு நாள் வைத்தார்கள். அவர்தாத் என்று அதற்குப் பெயர்.

அந்தப் புதுக் கணக்குக்குத்தான் இந்தச் சக்கரம். நாளுக்கு ஒரு துளை, தினமும் காலையில் முளையை ஒரு துளை நகர்த்த வேண்டும். வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம் ஏற்றுக்கொண்டால் அக்கினிக் கோவில் முற்றத்தில் தொங்கும். அவர்தாத்தை வட்டத்துக்குள் வைத்தால் மூன்று வருஷம் அது வெறும் துளையாகக் கிடந்து எல்லாரையும் குழப்பும். அதனால் விளிம்புக்கு வெளியே இலை மாதிரி ஒரு துண்டை ஒட்டி, அதில் துளை போட்டான். அந்த இலையைப் பார்த்துப் பார்த்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

புதன்கிழமை மனைவி பரீஸாத் தேநீர் கொண்டுவந்தவள் அந்தத் துண்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதென்ன, தனியா?"

"அவர்தாத்."

"இந்த வருஷம் வருமா?"

"வராது. போன வருஷம் வந்தாச்சு. இனிமே மூணு வருஷம் கழிச்சுத்தான்."

"அப்ப கோஹருக்கு?"

ஃபரீதூனின் கையிலிருந்த உளி நின்றது. அவர்களுடைய ஒரே மகள் கோஹர் ஆறு வயதில் காய்ச்சல் கண்டு போன நாள், போன வருஷத்து அவர்தாத். அவளுக்கு முதல் வருஷப் படையல் இந்த வசந்தத்தில் வைக்க வேண்டும். எத்தனையோ ஆயிரம் நாட்களைக் கூட்டிக் கழித்தவனுக்கு இந்த ஒரு நாள் மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. ஏறவிடாமல் வைத்திருந்தான் என்றும் சொல்லலாம். அதற்கெல்லாம் தெஹ்ரானிலேயே வழி சொல்லியிருக்கிறார்கள், முந்தின நாளே படைத்துவிடலாம் என்று அவசரமாகச் சொன்னான். பரீஸாத் தேநீரை வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை அவன் வீடு திரும்பும்போது கூதர்ஸ் அவன் வீட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். ஊரில் பாதித் தண்ணீர்ப் பங்கு அவருடையது, பழைய கணக்குக்காரர்களுக்குத் தலைவரும் அவர்தான். ஃபரீதூனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எதற்கு வந்தார் என்று மனைவியிடம் கேட்க வாய் வரை வந்தது, தைரியம்தான் வரவில்லை. கேட்டு அவள் சொல்லிவிட்டால்?

வெள்ளிக்கிழமை காலை, சைப்ரஸ் மரத்தடியில் சக்கரத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கோவில் குருவான மோபேத் ஷெஹ்ரியார் முளையை நாலைந்து துளை நகர்த்திப் பார்த்து, குழந்தை மாதிரிச் சிரித்தார். ஊராருக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஃபரீதூனுக்கு மூச்சு கொஞ்சம் சீராக வந்தபோது கூதர்ஸ் எழுந்தார்.

"தச்சரே, வேலை நல்லாத்தான் இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். வெளிய தொங்குதே, அந்த நாள்ல ஒருத்தர் செத்துப்போனா வருஷப் படையல எங்க வைக்கிறது?"

கேட்டுவிட்டு அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். ஃபரீதூன் மனப்பாடம் செய்து வைத்திருந்ததை ஒப்பித்தான்: முந்தின நாள் வைக்கலாம், தெஹ்ரானில் பெரிய மோபேதுகளே சம்மதித்திருக்கிறார்கள்.

பரீஸாத் எழுந்தாள்.

"கூதர்ஸ் மாமா, நேத்து வந்து பேசச் சொன்னீங்க, மாட்டேன்னேன். இப்பவும் உங்களுக்காகப் பேசல. உக்காருங்க." பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "முந்தின நாள் அவ உசிரோட இருந்தா. எந்திரிச்சு உக்காந்து மாதுளை கேட்டா. நீங்கதான் உரிச்சுக் குடுத்தீங்க. அந்த நாள்ல போய்ப் படையல் தட்டு வைக்கச் சொல்றீங்களா?"

மறுநாள் வைக்கலாமே என்று யாரோ முனகினார்கள். மறுநாள் நவ்ரோஸ், அன்றைக்கு எப்படி என்று மோபேதே தலையாட்டி மறுத்துவிட்டார். பழைய கணக்கில் கோஹர் போன நாளுக்கு ஆபான் மாதத்து பஹ்ராம் நாள் என்று பெயர் இருக்கிறது, வருஷம் தவறாமல் வருகிறது என்று கூதர்ஸ் உட்கார்ந்தபடியே எடுத்துக்கொடுத்தார்.

வீட்டுக்கு ஒரு கை. புதுசுக்குப் பத்து, பழசுக்குப் பத்து, மிச்சம் தச்சன் வீட்டுக் கைதான். மோபேத் ஃபரீதூனைப் பார்த்தார்.

ஃபரீதூன் அதற்குள் விரல் விட்டு எண்ணி முடித்திருந்தான். கணக்கு அவனை விடுவதில்லை. கோஹர் போன நாளிலிருந்து முந்நூற்று அறுபத்தைந்து நாள் எண்ணினால் பழைய கணக்கின் பஹ்ராம் நாள் வருகிறது. அதே முந்நூற்று அறுபத்தைந்தை அவனுடைய சக்கரத்தில் எண்ணினால், வருஷத்தின் கடைசித் துளை, அந்த முந்தின நாள். இரண்டும் ஒன்று. ஒரே விடியல், ஒரே சூரியன். பெயர்தான் வேறு. இதை எழுந்து சொன்னால் போதும், கூதர்ஸின் வாய் அடைபடும், பழசுக்குத் தூக்கிய கைகளில் நாலைந்தாவது இறங்கும், சக்கரம் இங்கேயே தொங்கும்.

வாயைத் திறந்தான். பரீஸாத் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாதுளையை அவன் அடியோடு மறந்திருந்தான். முத்துக்களை உள்ளங்கையில் உதிர்த்துக் கொடுத்ததும், கோஹர் இரண்டைத் தின்றுவிட்டுப் போதும் என்றதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது. அவனுடைய சக்கரத்தில் அந்தத் துளைக்கு மாதுளை கேட்ட நாள் என்றுதான் பெயர். சூரியன் என்ன சொன்னால் என்ன? அவனுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"பழசுக்கே," என்று கையைத் தூக்கினான்.

செய்தவனே வேண்டாம் என்கிறானே என்று பின்னால் ஒருவன் சிரித்தான். கூதர்ஸ் கைதட்டப் போனவர், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

சக்கரம் ஒற்றை ஆள் தூக்குகிற கனமில்லை. மறுபக்கத்தைப் பரீஸாத் பிடித்தாள். சந்து திரும்பி, பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அவன் மெதுவாகச் சொன்னான்.

"பரீஸாத், ரெண்டு கணக்குலயும் அது ஒரே நாள்தான்."

"தெரியும். நானும் எண்ணிப் பாத்தேன்," என்றாள். "அங்க வச்சுச் சொல்லிருவீங்களோன்னுதான் பயந்துக்கிட்டே இருந்தேன்."