வலக்கைப் பக்கம்

"இதைப் பாருங்களேன்! எவ்வளவு பெரிய துணி, இதுல படத்தைப் போய் இடம்வலமாத் திருப்பி அச்சடிச்சு வெச்சிருக்காங்க!" என்று கலை வரலாற்றுப் பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தாள்.

எண்ணூறு வருடத்துத் தேவாலயம், பழுதுபார்ப்பதற்காகச் சாரம் கட்டி மூடிக் கிடந்தது. பார்க்க வந்தவர்கள் ஏமாந்து திரும்பக்கூடாதென்று, மூடிய துணியின் மேலேயே வாசலின் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். கதவுக்கு மேலே வளைவில் இறுதித் தீர்ப்புக் காட்சி. நடுவில் இரண்டு கைகளையும் உயர்த்திய கிறிஸ்து. ஒரு பக்கம் கரையேறியவர்கள், மறுபக்கம் நரகத்துக்கு இழுபடுகிறவர்கள்.

பக்கத்தில் இரண்டு பைகளையும் சுமந்துகொண்டு நின்ற அவள் கணவரும் சிரித்தார். ஊரில் மருந்துக்கடை வைத்திருப்பவர். மனைவி சிரித்தால் தானும் ஒரு சிரிப்புச் சிரித்து வைப்பது அவருக்குப் பல வருடப் பழக்கம். பிறகுதான் துணியின் ஓரத்தைப் பார்த்தார். அந்தப் படத்தில் பக்கத்துச் சாவிக்கடையின் பெயர்ப்பலகையும் கொஞ்சம் விழுந்திருந்தது. எழுத்துகள் ஒழுங்காக, வாசிக்கும்படிதான் இருந்தன. துணியில் தப்பில்லை.

மருந்துக்கடைக்காரர் பலகையை இன்னொரு தடவை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

மத்திய காலச் சிற்பிகளுக்கு இந்தக் காட்சியில் ஒரே சட்டம்தான். காப்பாற்றப்பட்டவர்கள் கிறிஸ்துவின் வலக்கைப் பக்கம். தள்ளப்பட்டவர்கள் இடக்கைப் பக்கம். இந்த ஒரு வாசலில் மட்டும் அது மாறியிருக்கிறது என்று பேராசிரியை கண்டுபிடித்திருந்தாள். தள்ளப்பட்டவர்களை மரியாதைக்குரிய பக்கத்தில் நிறுத்திய ஒரு சிற்பி இருந்தான், தெரிந்தே செய்தான் என்று கட்டுரை எழுதி, நாளைக் காலை இதே ஊரில் நடக்கும் கருத்தரங்கில் அதை முதன்முதலாக வாசிக்க வந்திருந்தாள். பிறந்ததிலிருந்து இந்த வாசலில் நுழைந்து வெளியேறிய ஊர்க்காரர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு படம். அவளுக்குப் பாடம் சொன்னவர் எந்தக் காலத்திலோ எடுத்து, அவர் போனபிறகு இவளிடம் வந்துசேர்ந்த பிலிம் ஸ்லைடு; எந்தப் பக்கம் வைத்தாலும் படம் தெரியும். வளைவைத் தவிர வேறெதுவும் தெரியாத நெருக்கமான படம். இந்தச் சின்னத் தேவாலயத்தைப் பற்றி வேறு யாரும் மெனக்கெட்டதில்லை.

அந்த ஸ்லைடுகளைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தவர் நம் மருந்துக்கடைக்காரர்தான். ஒரு மழைக்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு, ஆசையாகச் செய்தார். "எந்தப் பக்கம் மேல வரணும்?" என்று கேட்டதற்குத் தொலைபேசியில் இருந்த அவள் கையை ஆட்டினாள். அதை எப்படியும் வைக்கலாம் என்று இவர் எடுத்துக்கொண்டார். சில படங்கள் இடம்வலமாகத் திரும்பியிருந்ததை அவளே பிடித்துவிட்டாள். அவையெல்லாம் உலகமறிந்த கட்டடங்கள். இந்த வாசலை யார் கண்டது?

சதுக்கத்தின் எதிர்ப்பக்கம் மறுமலர்ச்சிக் காலத்து மாளிகை ஒன்று இருந்தது. நடுக்கதவுக்கு இந்தப் பக்கம் எத்தனை சன்னலோ அந்தப் பக்கமும் அத்தனை. அளவு, ஒழுங்கு என்று அவள் வகுப்பில் மணிக்கணக்கில் சொல்வாளே, அதேதான். 'பாழாய்ப்போன பிசகு இந்தக் கட்டடத்துக்கு நடந்திருக்கக்கூடாதா? திருப்பிப் போட்டாலும் ஒரு பயலுக்கும் தெரிந்திருக்காதே' என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.

சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் அவரை வாட்டியது நாளைய அவமானம் மட்டுமல்ல. கட்டுரையின் முதல் பக்கத்தில் 'என் தம்பிக்கு' என்று போட்டிருந்தாள். குடியில் விழுந்து, அப்பாவால் விரட்டப்பட்டவன் அவள் தம்பி. அப்பா செத்த அன்று வந்து கேட்டுக்கு வெளியே நின்றான். யாரும் உள்ளே கூப்பிடவில்லை. இருட்டும்வரை நின்றுவிட்டுப் போனான். அதற்குப்பின் அவள் அவன் பேச்சையே எடுத்ததில்லை. இந்தப் படத்தைக் கண்ட அன்றுதான், சமையலறையில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள்.

"டீச்சர்," என்றார். செல்லமாகவோ பயந்தோ கூப்பிடுவதென்றால் அப்படித்தான். "அந்தச் சாவிக்கடைப் பலகையைக் கொஞ்சம் படி."

"எதுக்கு?"

"படியேன்."

படித்தாள். சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. துணியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், மறுபடி துணியைப் பார்த்தாள்.

"அப்ப நம்ம படம்..."

"நான்தான் திருப்பி வெச்சிருக்கேன்."

"ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் மாத்திரையைப் பார்த்துப் பார்த்து எடுத்துக் குடுக்கிற கைதானே இது? என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டீங்களே!"

"கேட்டேன். நீ கையை ஆட்டினே."

"பேசாதீங்க."

படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். பைகளைக் கீழே வைக்கக்கூடத் தைரியம் வராமல் அவர் நின்றார். கைகள் கடுத்தன. அவளே நிமிர்ந்தாள்.

"கட்டுரை கிடக்கட்டும். நாளைக்கு எழுந்து தப்புன்னு சொல்லிட்டு இறங்கிடுவேன். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. ஆனா இத்தனை நூறு வருஷத்துல, தள்ளப்பட்டவங்களை வலக்கைப் பக்கம் கூப்பிட்டு நிறுத்தணும்னு ஒருத்தனுக்குக்கூடவா தோணலை?"

"உனக்குத் தோணிச்சே."

"எழுதத்தானே தோணிச்சு."

அவர் பைகளை மெல்லக் கீழே வைத்தார்.

"அவன் நம்பர் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள்.

இருந்தது. மச்சானோடு கடையிலிருந்து அவ்வப்போது பேசிவந்ததை அவர் வீட்டில் சொன்னதில்லை. எப்படி என்று அவளும் கேட்கவில்லை. போனை வாங்கித் தானே அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான்.

"சொல்லுங்க மச்சான்."

"நான் அக்கா பேசறேன்டா."



"எந்த அக்கா?"

அவனுக்கு இருப்பது ஒரே அக்காதான். பேராசிரியை போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

"அன்னிக்கு உன்னை உள்ள கூப்பிடாத அக்காடா."