இன்னொரு துண்டு

எங்கள் வீட்டில் டோஸ்டர் இரண்டு. ஒன்று மனிதர்களுக்கு, இன்னொன்று எனக்கும் அக்கா மகளுக்கும். எங்களுடையதன் மேல் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். அக்காவும் அத்தானும் அதைத் தொட மாட்டார்கள். நாங்கள் மற்றதன் பக்கமே போக மாட்டோம். அதன் அடியில் கிடக்கும் துகள் போதும், எங்கள் குடலைப் புண்ணாக்க. கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் என்ற பசை எங்கள் உடம்புக்கு ஆகாது. இந்த நோய்க்கு சீலியாக் என்று பெயர். டாக்டர் முதலில் சொன்னபோது ஏதோ பூச்செடியின் பெயர் மாதிரி இருந்தது.

அவளுக்கு அது இரண்டு வயதிலேயே தெரிந்துவிட்டது. எனக்கு முப்பது தாண்டித் தெரிந்தது. அவள் நாக்குக்குக் கோதுமை பிரெட் என்றால் என்னவென்றே தெரியாது. என் நாக்கு முப்பது வருடம் அதனோடு குடும்பம் நடத்திவிட்டு, ஒரே நாளில் தனிக்கட்டையானது. அதனால் எங்கள் பிரெட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், வாயில் நல்ல வார்த்தை வராது. அரிசி மாவு, மரவள்ளி மாவு, ஏதோ ஒரு பிசின். கையில் எடுத்தால் கனக்கும், மடித்தால் முறியும். வாயில் போட்டால் முதலில் மணல், பிறகு களி. மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு நாக்கால் சுரண்டவைக்கும். காலையில் வாங்கினால் மாலைக்குள் செங்கல். நான் அதைக் கருக்கித்தான் தின்பேன். கருகிவிட்டால் எல்லா பிரெட்டும் ஒன்றுதான், கரிக்குள் உயர்ந்தது தாழ்ந்தது கிடையாது.

அவள் அப்படியில்லை. பையிலிருந்து எடுத்து, சுடாமல், வெண்ணெய் தடவி, ஓரம் ஓரமாகக் கொறித்துச் சாப்பிடுவாள். அதனால்தான் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர் வைத்தேன். கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போகிற அளவுக்கு வளர்ந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

"மாமா, இன்னிக்கும் கரிதானா? நல்ல பிரெட்டை ஏன் மாமா இப்படிச் சித்திரவதை பண்றீங்க?"

"பல்லுக்கு மொறுமொறுன்னு இருக்கணும்டி எனக்கு."

ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. இதை நான் அவள் முன்னால் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லவிட மாட்டாள் என் அக்கா. எனக்கு நோய் தெரிந்த வாரமே என்னைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"அவளுக்கு என்ன இல்லைன்னே அவளுக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும். நிஜ பிரெட் அப்படி இருக்கும் இப்படி இருக்கும்னு அவகிட்ட புலம்பினே, நாக்குல சூடு வெச்சிடுவேன்டா."

அக்கா சொன்னால் செய்கிறவள். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டது அந்தப் பயத்தால் இல்லை. அந்தக் காய்ந்த துண்டை அவள் கண்ணை மூடி ரசிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருக்கும். இந்த வீட்டில் ஒருத்திக்காவது அது பிரெட்டாக இருக்கிறதே என்றும் இருக்கும். பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஏதோ சொன்னார்கள் என்று ஒருதடவை கேட்டாள்: "மாமா, அவங்க பிரெட் எப்படி இருக்கும்?"

"இதே மாதிரிதான். கொஞ்சம் மெத்துனு இருக்கும். அவ்வளவுதான்."

அத்தோடு விட்டுவிட்டாள். என் பேச்சை அவள் சந்தேகப்பட்டதே இல்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு பிரெட் செய்கிற கம்பெனி ஒன்று, ருசி பார்த்து மார்க் போட ஆள் தேடியது. மாதம் ஒருமுறை மதியத்தில் இரண்டு பேரும் போவோம். நான் லிப்ட் ரிப்பேர் செய்கிறவன், அன்றைக்கு அரைநாள் விடுப்பு. நீளமான ஓர் அறை. அதில் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அடைப்புகள், ஓர் அடைப்புக்கு ஓர் ஆள். நிறத்தைப் பார்த்து மனம் சாயக்கூடாது என்று சிவப்பு பல்பு. எதிரே சிறு ஜன்னல் திறக்கும், எண் மட்டும் எழுதிய தட்டு வரும். முதலில் விரலால் அமுக்கு, பிறகு மோந்து பார், பிறகு பிய், பிறகு மெல். ஒன்பதுக்கு இத்தனை என்று வட்டம் போடு. நான் மூன்றைத் தாண்ட மாட்டேன். அவள் ஏழு, எட்டு என்று அள்ளி விடுவாள். அமுக்கவும் மாட்டாள், மோக்கவும் மாட்டாள், நேரே வாய்தான்.

"உங்க ரெண்டு பேர் மார்க்குக்கு நடுவுலதான் சார் எங்க பிரெட் இருக்கு" என்பார் வெள்ளைக் கோட்டு போட்ட பொறுப்பாளர் அம்மாள்.

அதே அறையில் காலையில் நோயில்லாதவர்கள் உட்கார்ந்து மார்க் போடுவார்கள். ஒப்பிட்டுப் பார்க்க அவர்களுக்குச் சாதாரணக் கோதுமை பிரெட்டும் தருவார்கள். பிறகு எல்லாவற்றையும் அகற்றி, அறையைக் கழுவித் துடைத்த பிறகுதான் எங்களை விடுவார்கள். ஒருநாள் காலைக் கூட்டம் மதியம்வரை இழுத்துவிட்டது. கழுவினார்கள், துடைத்தார்கள். ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு வரிசை அகற்றப்படாமல் நின்றது. தட்டு நீட்டுகிறவருக்குக்கூட எது என்ன பிரெட் என்று தெரியக்கூடாது, அதுதான் அந்தத் தொழிலின் நேர்மை. அந்த நேர்மை எங்களைக் கவிழ்த்தது.

மூன்றாவது தட்டு வந்தது. சலிப்போடு அமுக்கினேன். குழி விழுந்தது. விரலை எடுத்தேன், குழி மெல்ல மேலே வந்தது.

இன்னொரு தடவை அமுக்கினேன். மறுபடியும் வந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். பிய்த்தேன். அது முறியவில்லை, இழுபட்டது. நூல் நூலாக, விட மனசில்லாமல் பிரிந்தது. என் வாய் ஊறியது, சத்தியமாக ஊறியது. செத்துப்போனதாக நினைத்திருந்த ஆள் வாசலில் வந்து நின்றால் முதலில் சந்தோஷம்தானே வரும், பயம் பிறகுதானே?

அப்போது தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது.

"மேடம், இந்த மூணாவதுல இன்னொரு துண்டு கிடைக்குமா?"

அவள் அங்கே ஒருநாளும் இன்னொரு துண்டு கேட்டவள் இல்லை.

"துப்புடி!" என்று கத்தினேன். நாற்காலி சாய்ந்தது. "சாப்பிடாதீங்க, யாரும் சாப்பிடாதீங்க! கோதுமை!" பக்கத்து அடைப்புகளில் காறித் துப்பும் சத்தம் கேட்டது. நான் அவள் அடைப்புக்குள் நுழைந்தபோது தட்டு காலி. சிவப்பு வெளிச்சத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உதட்டில் சிரிப்பு இன்னும் போகவில்லை.

"முழுங்கிட்டேனே மாமா" என்றாள். அவள் தாளில் ஒன்பதைச் சுற்றி வட்டம் இருந்தது. ஒருமுறை போட்டது போதாமல் அதன்மேலேயே இன்னொரு வட்டம்.

வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. வயிறு உப்பி, முறுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற நிலைமை. டாக்டர் பார்த்துவிட்டு, உயிருக்குப் பயமில்லை, உள்ளே ஆற நாளாகும் என்றார். அக்கா என்னைக் கிழித்துத் தோரணம் கட்டினாள்.

"பக்கத்துலதானே உக்காந்திருந்தே? கல்லு மாதிரி உக்காந்திருந்தியா?"

பொறுப்பாளர் அம்மாள் மன்னிப்புக் கேட்க வந்தார். பாவம், அழுதுவிட்டார். வரும்போது ஒரு கூடை நிறைய எங்கள் பிரெட் கொண்டுவந்திருந்தார். எரிகிற வீட்டுக்கு விறகு கொண்டுவந்த மாதிரி இருந்தது எனக்கு. அக்கா கூடையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

படுத்துக்கிடந்த நாளெல்லாம் சுண்டெலி அந்த பிரெட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கம்பெனியைத் திட்டவில்லை. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாந்தியைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கேட்டால் என்ன சொல்வது என்று லிப்ட் குழிக்குள் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். பசிக்கு எல்லாமே ருசிக்கும்டி, காலையில் சாப்பிடாமல் போனாய் அல்லவா, அதனால்தான் என்று சொல்லலாம். நம்புவாள் என்றுதான் நினைத்தேன்.

கஞ்சியைத் தவிர வேறு சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, எழுந்து வந்து மேசையில் உட்கார்ந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. அக்கா வெண்ணெயும் பிரெட்டும் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். நான் எங்கள் டோஸ்டரில் எனக்கு ஒரு துண்டைப் போட்டுவிட்டு நின்றேன்.

அவள் ஒரு துண்டை எடுத்தாள். வெண்ணெய் தடவவில்லை. தட்டில் வைத்து நடுவில் விரலால் அமுக்கினாள். விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

குழி அப்படியே இருந்தது.

கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில் அமுக்கினாள். அதுவும் எழவில்லை. விரல் பட்ட இடத்தில் விரிசல் விட்டு, இரண்டு பொருக்குகள் தட்டில் உதிர்ந்தன.

"மாமா."

"ம்."

"உங்களுக்கு இது எப்பவுமே தெரியும், இல்ல?"

அக்காவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. ஒத்திகை பார்த்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது.

"கொஞ்சம் மெத்துனு இருக்கும்னு சொன்னேனேடி" என்றேன். சொன்ன எனக்கே அசிங்கமாக இருந்தது.

கோபப்படுவாள் என்று பார்த்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவள் திட்டவில்லை. "நீங்க எப்படி மாமா இத்தனை வருஷம்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அவள் எனக்காகத்தான் வருத்தப்படுகிறாள் என்று புரிந்தது. அந்த வீட்டில் என் துக்கம் தெரிந்த ஆள் இத்தனை நாளாக யாருமில்லை. இப்போது ஒருத்தி இருக்கிறாள். இப்படியொரு துணை எனக்கு வேண்டவே வேண்டாம்.

ஓரம் ஒன்றைக் கொறித்தாள். நெடுநேரம் மென்றாள். தண்ணீர் குடித்து விழுங்கினாள். பிறகு மிச்சத்தை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இதையும் போட்டுடுங்க மாமா."

"நீ சுட்டுச் சாப்பிட மாட்டியேடி."

"போடுங்க."

டோஸ்டரில் என் துண்டுக்குப் பக்கத்தில் அவள் துண்டை இறக்கினேன். லேசாகச் சிவந்ததும் அவளுடையதை எடுக்கப் போனேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுது மாதிரியே ஆகட்டும்" என்றாள்.

புகை வருகிறவரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம்.