படத்தில் நான் அழவில்லை

படத்தில் நான் அழவில்லை. எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒரு ஆத்மாவும் நம்பமாட்டேன் என்கிறது. கண்ணில் தண்ணீர் வந்தது உண்மைதான். தொண்டையைப் பிடித்து நெரித்தால் யாருக்குத்தான் வராது?

எழுபத்து நான்காம் வருடம் ப்ரஷி கிரீக் பாட்டு விழாவுக்கு நியூயார்க்கிலிருந்து நாலு தாடிக்காரர்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார்கள். விழா முழுக்க மழை. எங்கள் மலைப்பக்கத்து ஜனங்கள் மழைக்கு எழுந்து போகிறவர்கள் இல்லை, கணுக்கால் சேற்றில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் அண்ணன் டென்சில் கிடார், எங்கள் கூட்டாளி ஹோபர்ட் பாஞ்சோ, எங்கள் மாமா ஒருவர் ஃபிடில். நான் ஆளுயர பாஸ் வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். எனக்கு இருபத்திரண்டு வயது. ஆற்றைக் கடந்து போன அம்மாவைப் பற்றி ஒரு பாட்டு, அதில் ஒரு அடி மட்டும் நான் தனியாகப் பாடுவேன்.

கிடாரின் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்க ஒரு சின்னக் கவ்வி மாட்டுவோம். அதை மேலே நகர்த்த நகர்த்த சுருதி ஏறும். இந்தப் பாட்டுக்கு இரண்டாம் கட்டம். டென்சிலுக்குக் கண்ணாடி மழையில் மங்கிப்போய், அந்தப் புத்திசாலி நான்காம் கட்டத்தில் மாட்டிவிட்டான். மாட்டியதோடு நிற்காமல் வாசிக்கவும் ஆரம்பித்துவிட்டான். ப்ளூகிராஸ் என்கிற எங்கள் மலைப்பாட்டில் ஒருவன் பாட்டை எடுத்துவிட்டால் எடுத்ததுதான். பாதியில் நிறுத்தி மறுபடி தொடங்குவதற்கு மேடையிலிருந்து குதித்துவிடலாம். ஹோபர்ட் சட்டென்று தலையைக் குனிந்து, பாஞ்சோவில் தன் கவ்வியை நகர்த்தினான், வாய்க்குள் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே. என் முறை வந்தது. எட்டாத உயரம். எட்டினேன். எப்படி எட்டினேன் என்று கேட்காதீர்கள், பிரசவ வலியில் எப்படிக் கத்தினாய் என்று யாராவது கேட்பார்களா?

அதைத்தான் தாடிக்காரர்கள் முகத்துக்கு மேலேயே கேமராவை வைத்துப் பிடித்தார்கள். படம் வெளிவந்தது. செத்துப்போன அம்மாவை நினைத்து அந்தப் பெண் அழுதாள் என்றார்கள். என் அம்மா அன்றைக்கு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சோள ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்! ஹோபர்ட் பக்தியில் தலை குனிந்து ஜபம் செய்தான் என்றார்கள். அவன் சொன்ன ஜபத்தை நான் பக்கத்தில் நின்று கேட்டேன், இங்கே எழுத முடியாது.

அதிலிருந்து எங்கே போனாலும் அந்தப் பாட்டு, அதே உயரத்தில். படத்தை மனப்பாடமாக வைத்திருக்கிற ஜனங்கள், முதல் கம்பி அதிர்ந்ததுமே சுருதி சரியா என்று கண்டுபிடித்துவிடுவார்கள். வேறு பாட்டு எத்தனையோ நான் எழுதியிருக்கிறேன். அதைப் பாடும்போது எழுந்துபோய் பொரித்த மாவுப் பலகாரம் வாங்கிக்கொண்டு வருவார்கள். இந்தப் பாட்டுக்குச் சரியாகத் திரும்பிவந்து உட்காருவார்கள். ஹோபர்ட் போய்ச் சேர்ந்தான், மாமா போய்ச் சேர்ந்தார், எனக்கு அறுபது தாண்டியது. படத்துப் பெண்ணுக்கு மட்டும் வயதே ஆகவில்லை. அவள் தொண்டையை நான் எங்கே போய் வாங்குவேன்?

போன வருட வசந்தத்தில், பக்கத்து டவுன் பிரிஸ்டலில் இருக்கிற டாக்டரம்மா என் தொண்டைக்குள் விளக்கை விட்டுப் பார்த்தாள். வெளியே எடுத்ததும் அவள் முகம் சரியில்லை.

“இன்னொரு தடவை அந்த ஒசரத்துல கத்துனீங்கன்னா, பாட்ட விடுங்க, பேசவே வராது. வெளையாட்டுக்குச் சொல்லல” என்றாள்.

தாழ்ந்த சுருதியில் பாடலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றாள். அவ்வளவுதான், இரண்டே இரண்டு கட்டம் கீழே இறங்கினால் போதும். உலகத்தில் இதைவிடச் சின்ன விஷயம் உண்டா?

ப்ரஷி கிரீக் விழா வந்தது. மேடை நிகழ்ச்சி தொடங்குவதற்கு முந்தின வியாழக்கிழமை, பொழுது சாய்ந்ததும் அந்தப் படத்தைப் போடுவது வழக்கம். போடுகிறவன் வெண்டல். ஒஹையோக்காரன், எண்ணெய் லாரி ஓட்டுகிறான், ஐம்பதைத் தாண்டியவன். தன் கூடார வண்டியின் பக்கவாட்டில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டி அதில் படத்தைக் காட்டுவான். விழாவுக்கு வந்து முகாம் போட்டிருக்கிற அத்தனை பேரும் நாற்காலியோடு வந்துவிடுவார்கள். முன்வரிசையில் நடுவாக ஒரு காலி நாற்காலி எனக்காகக் கிடக்கும். போட்டுவைத்த நாற்காலியை இங்கே ஒருத்தரும் தொடமாட்டார்கள். நான் வந்து உட்காரும்வரை படமும் தொடங்காது. தலைவலி என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். மாத்திரையோடு வந்து அழைத்துப் போனார்கள்.

போய் உட்கார்ந்தேன். வெண்டல் ஒரு தட்டில் பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுவந்து மடியில் வைத்தான்.

“ஏன்டா வெண்டல், வருஷா வருஷம் இதையே பாக்கறீங்களே, சலிக்கல?” என்றேன்.

“என்னக்கா இப்படிக் கேட்டுட்டீங்க! ரெக்கார்டுல பாட்டு மட்டும்தான் கேக்கும். படத்துலதான யாரு யாரப் பாக்கறாங்கன்னு தெரியுது? உங்க மாமா வில்லத் தூக்கறதுக்கு முன்னாடி டென்சிலண்ணன் ஒரு கண்ணசைவு குடுப்பாரு பாருங்க, அத மேடைக்கு முன்னால உக்காந்தாக்கூடப் பாக்க முடியாது. நிறுத்தி நிறுத்திப் பாத்துத்தான் நான் மேண்டலினே கத்துக்கிட்டேன்.” அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. “லாரிய விட்டுட்டு வீட்டுக்கு வந்தா யாரும் இருக்க மாட்டாங்கக்கா. பொண்டாட்டி வேலைக்குப் போயிருப்பா. இதப் போட்டுவிட்டா நாலு பேர் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.”

பாவி, இப்படிச் சொன்னால் நான் என்ன திட்டுவது? படத்தில் ஹோபர்ட்டின் கை ஓடுவதைப் பார்த்தபோது எனக்கும் மடியிலிருந்த தட்டு மறந்துபோனது. சேற்றில் ஒரு குழந்தை செருப்பைத் தொலைத்துவிட்டு ஆடுகிறது. மழையில் நனைந்த யாரோ இருமுகிறார், அந்த இருமலைக்கூட இங்கே உட்கார்ந்திருந்தவர்கள் சேர்ந்து இருமினார்கள். பிறகு என் முகம் விரிப்பு முழுக்க வந்தது. எல்லோரும் கிடைத்த துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. படம் முடிந்ததும் எழுந்து நின்றேன்.

“எல்லாரும் கேளுங்க. நான் அழல. டென்சில் கவ்விய தப்பான எடத்துல மாட்டிட்டான். ரெண்டாம் கட்டத்துல போடவேண்டியத நாலுல போட்டுட்டான். எனக்குத் தொண்ட கிழிஞ்சு கண்ணுல தண்ணி வந்துச்சு. ஹோபர்ட் ஜபமும் பண்ணல, ஒண்ணும் பண்ணல, என் அண்ணனத் திட்டிக்கிட்டிருந்தான்.”

எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

“அக்காவுக்கு எப்பவுமே பெருமை பேசத் தெரியாது” என்றான் வெண்டல்.

“தெய்வம் அப்படித்தாம்மா வரும், தப்பு மாதிரிதான் வரும்” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

இவர்களோடு என்ன செய்வது? சுவரில் முட்டிக்கொண்டாலும் சுவரைக் கும்பிடுகிற ஜனங்கள்.

மறுநாள் காலையில் டென்சிலைப் பிடித்தேன். எங்கள் பஸ்ஸின் படியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். டாக்டரம்மா சொன்னதை வரி விடாமல் சொன்னேன்.

“மேடைக்கு ஒரு பாட்டு. ஒரே ஒரு அடி. அதுக்கு இவ்ளோ பெரிய கத சொல்றியே” என்றான்.

“கதையா? நாளைக்கு நான் ஊமையாப் போனா உனக்குக் கதையா இருக்குமா?”

“நீ ஊமையானா உன் புருஷன் சந்தோஷப்படுவான்.”

“அண்ணா, நான் சிரிக்கல.”

அவன் காபியைக் கீழே வைத்தான். “அந்தப் படத்துல என் மூஞ்சி ரெண்டு செகண்டு வருது, அர்வெல்லா. அதுவும் கண்ணாடி மங்கிப்போய். எனக்கிருக்கறதே அவ்ளோதான். சுருதியக் கொறச்சா அவங்களுக்கு உடனே தெரிஞ்சிரும். படத்துல இருக்கற மாதிரி இல்லன்னு ஆயிரும். அப்பறம் நம்மள எதுக்குக் கூப்பிடப்போறாங்க?”

“கூப்பிடாம போகட்டும். நான் சர்ச்சுல பாடுவேன். அடுப்படில பாடுவேன். அதுக்காவது எனக்குத் தொண்ட வேணும்.”

என் கண்ணைப் பார்த்தான். இந்தத் தடவை கண்ணில் தண்ணீர் வந்தது எதனால் என்று அவனுக்காவது தெரிந்திருக்கும்.

“சரி சரி. அம்மா மேல சத்தியம். ரெண்டாம் கட்டத்துலயே போடறேன்” என்றான்.

சனிக்கிழமை மதியம் மேடையேறினோம். இன்றைக்கும் நாங்கள் ஒரே மைக்கைச் சுற்றித்தான் நின்று வாசிப்போம். யார் முறையோ அவர் முன்னால் வரவேண்டும், மற்றவர் விலகவேண்டும். தள்ளி நின்று தப்பிக்க முடியாது. கடைசிப் பாட்டு என்று டென்சில் அறிவித்ததும் கூட்டம் ஓவென்று எழுந்து, படத்தில் இருக்கிறபடியே இருக்கவேண்டும் என்று மறுபடி உட்கார்ந்தது. அவன் எடுத்தான்.

முதல் கம்பியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கவ்வியைப் பார்த்தேன். நான்காம் கட்டம். அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்காரன் பறவை பார்ப்பதுபோல் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தான். அடப்பாவி, அம்மா மேல் சத்தியம் செய்தாயே! ஹோபர்ட்டுக்குப் பதில் இப்போது பாஞ்சோ வாசிக்கிற க்ளெட்டஸ் எதுவும் தெரியாமல் சந்தோஷமாக வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் நாலுதான் என்று முன்பே சொல்லி வைத்திருக்கிறான். ஆக, மறதி இல்லை, திட்டம்.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தக்கூடாது. என் முறைக்கு முந்தின அடி வந்தாயிற்று. வாயைத் திறந்தால் குரல் போகும், திறக்காவிட்டால் பாட்டு அறுந்து மானம் போகும். கால்கள் பழக்கத்தில் மைக்குக்கு முன்னால் நடந்துவிட்டன. முன்வரிசையில் வெண்டல் கைக்குட்டையை ஏற்கனவே எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். அத்தனை பேரும் என் கண்ணையே பார்த்தார்கள், தண்ணீர் எப்போது வரும் என்று.

எனக்கு வந்தது கோபம். பாஸின் கழுத்திலிருந்து இடது கையை எடுத்தேன். நீட்டி, டென்சிலின் கிடாரிலிருந்து அந்தக் கவ்வியைக் கிள்ளிப் பிடுங்கினேன்.

சுருதி மாடிப்படியில் வழுக்கி விழுந்ததுபோல் தடதடவென்று கீழே வந்தது. டென்சில் “ஏய்!” என்றான், ஆனால் கை நிற்கவில்லை. எங்கள் ரத்தத்திலேயே அது கிடையாது. க்ளெட்டஸ் பதறிப்போய்த் தலையைக் குனிந்து பாஞ்சோவில் கவ்வியைத் தேடினார். நான் பாஸின் திறந்த கம்பியைத் தட்டிக்கொண்டே பாடினேன். இறங்கின சுருதியில், அடுப்படியில் பாடுகிற என் குரலில். கரகரவென்று இருந்தது. வலிக்கவில்லை. எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தப் பாட்டின் வார்த்தைகள் என் காதில் விழுந்தன. ஆற்றைக் கடந்தவளுக்கு இந்தக் கரையில் விளக்கு வைத்துக் காத்திருக்கிறார்கள். அட, நல்ல பாட்டுதானே இது! அம்மா நிஜமாகவே போய்ச் சேர்ந்து பல வருடம் ஆயிற்று, இப்போதுதான் அவளை நினைத்து அதைப் பாடினேன். சிரித்தேன்கூட.

முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. யாரும் உட்காரவில்லை, யாரும் படத்தில் இருந்தபடி இல்லை. கவ்வியைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். சிறையிலிருந்து வந்தவள் மாதிரி நடந்தேன் என்று என் கணவர் அப்புறம் சொன்னார். வெண்டல் ஓடிவந்தான். அழுதிருந்தான்.

“அக்கா! முழுசா என் போன்ல புடிச்சிட்டேன். நீங்க கைய நீட்டறது, அண்ணன் மூஞ்சி, எல்லாம் அப்படியே வந்திருக்கு. க்ளெட்டஸ் ஜபம் பண்றதப் பாருங்களேன்!”

சந்தோஷத்தில் அவனைக் கட்டிப்பிடித்தேன். அப்போது எனக்குப் புரியவில்லை.

வெண்டல் அதை இணையத்தில் எங்கெங்கேயோ ஏற்றிவிட்டான். பேரன் பேத்திகள் காட்டினார்கள், டாக்டரம்மா காட்டினாள், ஜப்பானில் யாரோ பார்த்தானாம். இலையுதிர் காலத்தில் வட கரோலைனாவில் ஒரு விழாவுக்கு அழைத்தார்கள். இந்தத் தடவை நான் கேட்காமலேயே டென்சில் இரண்டாம் கட்டத்தில் மாட்டினான். பாட்டை எடுத்தோம். கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: “நாலுல போடுங்கண்ணே! அக்கா புடுங்கணும்ல?” எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் யாருக்கும் அது விளையாட்டு இல்லை. தாழ்ந்த சுருதியில் நன்றாகவே பாடினேன். கைதட்டினார்கள், கல்யாண வீட்டில் சாப்பாடு சுமார் என்று சொல்லாமல் எழுந்து போகிறவர்கள்போல.

தொண்டை பிழைத்தது, அதற்குக் குறையில்லை. டாக்டரம்மாவுக்குத் திருப்தி. இந்த வருடம் ப்ரஷி கிரீக்கில் வியாழக்கிழமை வெண்டல் இரண்டு படம் போட்டான், பழையதும் புதியதும். நடுவில் என் நாற்காலி. புதியதில் நான் கையை நீட்டுகிற இடத்தில் கூட்டம் முழுக்கத் தன் கையையும் நீட்டியது.

சனிக்கிழமை கடைசிப் பாட்டு. டென்சில் எல்லோரும் பார்க்கும்படி கவ்வியைத் தூக்கிக் காட்டி, நான்காம் கட்டத்தில் மாட்டினான். கூட்டம் கூத்தாடியது. க்ளெட்டஸ் தலை குனியத் தயாராக நின்றார். என் முறை வந்ததும் கால்கள் மைக்குக்கு நடந்தன. முன்னால் பார்த்தேன், முகங்களே தெரியவில்லை, எல்லார் முன்னாலும் ஒரு போன். டென்சில் கிடாரின் கழுத்தை எனக்கு வாகாகச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டே காதருகே சொன்னான்:

“போன தடவ மாதிரியே. நல்லா கோவமாப் புடுங்கு.”

கையை நீட்டினேன். கோபத்தை மட்டும் நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.