பனியிலிருந்து வந்தவள்

வெராகுரூஸ் துறைமுகத்தில் அன்று இறந்தோர் திருநாள். பாரிசிலிருந்து கப்பலேறி வரும் கவிதை இதழ்களில் தோய்ந்து, அந்நெறியில் ஸ்பானியக் கவி புனைந்துவந்த எவாரிஸ்தோ, காய்ச்சலில் மாண்ட மனைவி ஹசிந்தாவை அழைக்கக் காத்திருந்தான். வாசலிலிருந்து படையல்வரை துலுக்கச் சாமந்தி இதழ்களைத் தூவினால், அந்த வாசனையைப் பற்றிக்கொண்டு மாண்டோர் வீடு சேர்வர். அவனோ வீட்டார் தூவியிருந்த இதழ்களைக் கூட்டித் தள்ளிவிட்டு, தன் இரங்கற்பாவைப் படிக்கத் தொடங்கினான். பளிங்கு நெற்றி, நீல விழி, பனி மூடிய பூங்கா, தனித்த அன்னம்.

"அத்தான், யாரைக் கூப்பிடுறீங்க?" என்றாள் மைத்துனி தோமாசா. "அக்கா கண்ணு கறுப்பு. பனிய அவ கனவுலகூட பாத்ததில்ல."

"இது பாரிஸ் பாணி. உனக்கெங்க புரியப்போகுது?"

"எனக்குப் புரியாட்டி போகுது. வரவேண்டிய அவளுக்குப் புரியணுமே!"

அவன் இறுதி அடியையும் படித்து முடித்தான். கடற்கரைப் புழுக்கத்தில் மெழுகுதிரிகள் ஒருசேரத் தாழ்ந்தன. வாசலில் பட்டாடை உரசிற்று. ஹசிந்தா பருத்தியன்றி எதையும் உடுத்தியவளல்லள். அவளுக்கென வைத்த சாக்லெட் கோப்பையின் விளிம்பில் வெண்பனி படர்ந்தது.

"ஹசிந்தா!" என்று அப்போதுதான் அவள் பெயரைச் சொல்லி அலறினான்.

நாற்காலியில் அமர்ந்திருந்தவள் நீல விழிகளை உயர்த்தி அவனை நோக்கினாள். அந்தப் பெயரை அவள் அறிந்திருக்கவில்லை.