நாலாவது படம்

எனக்குப் படம் வரைய வராது. கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதினாலு வருஷமாகக் கட்டமும் அம்புக்குறியும் போட்டுக்கொண்டிருக்கிறவன். ஆனால் நான் வரைந்த ஒன்று மட்டும் அப்படியே பலித்துவிட்டது.

என் மகள் பத்மஜாவுக்கு ஆட்டிசம். வாயால் சொன்னால் பாதிதான் அவளைப் போய்ச் சேரும். படமாகக் காட்டினால் முழுசாகப் பிடித்துக்கொள்வாள். அவளுடைய ஸ்பெஷல் டீச்சர், மலையாளியான சிஜிதான் படக்கார்டுகளைக் கொண்டுவந்தாள். பல் துலக்கு, குளி, யூனிஃபார்ம், ஸ்கூல் பஸ் என்று சுவரில் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒரு வேலை முடிந்தால் கார்டை எடுத்து வலது பக்கம் ஒட்டிவிட்டு, பத்மஜா ஒரே ஒரு தடவை கை தட்டுவாள். தனக்குத்தானே. அந்தப் பெருமையை எந்த ஆபீஸ் பாராட்டும் எனக்குத் தந்ததில்லை.

"சாரே, கார்டுன்னா மோளுக்கு அது நியமமாக்கும்," என்றாள் சிஜி. "நீங்க மறந்தாலும் அவ மறக்க மாட்டா. யோசிச்சு வரையணும், கேட்டோ."

தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் நவராத்திரி. பத்மஜாவுக்கு ஆறு வயது. கரமனையில் எங்கள் வீட்டில் கொலு; முதல் நாளே கூடம் நிறைய மாமிகள். மணி எட்டானதும் பத்மஜா கடிகாரத்தைப் பார்த்தாள், 'தூங்கு' கார்டைப் பார்த்தாள். பிறகு கீழ்ப்படியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு பொம்மையாகப் படுக்கவைத்தாள். செட்டியார், செட்டிச்சி, பாண்டு வாத்தியக்காரர்கள், எல்லாரையும். கை உடைந்த பொம்மையை மட்டும் வலிக்காத பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள். எங்கள் வீட்டில் அந்தப் பொம்மைகளிடம் யாரும் அத்தனை அக்கறை காட்டியதில்லை.

கொலுவில் பொம்மையைப் படுக்கவைப்பது விஜயதசமி ராத்திரி மட்டும்தான். அதோடு கொலு முடிந்தது என்று அர்த்தம். முதல் நாளே மொத்தமும் படுத்துவிட்டதைப் பார்த்து அடுத்த வீட்டு லலிதாம்பாள், என் அப்பாவின் தங்கை, அலறிவிட்டாள்.

"அய்யய்யோ, எல்லாத்தையும் கெடத்திடுத்தே! கிரிஷ், இதை உள்ள கூட்டிண்டு போடா. இதுக்கு என்ன தெரியும், பாவம்."

இது, இதுக்கு. பத்மஜா கையில் பொம்மையோடு அத்தையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்பா ஏதாவது சொல்வான் என்று நினைத்தாளோ என்னவோ. நான் அசடு மாதிரி சிரித்துவைத்தேன்.

மறுநாள் காலையில் ஒரு கார்டு வரைந்தேன். நாலு படம். காலிங் பெல். அறைக்குள் போகும் பெண். மூடிய கதவு. கடைசியாக ஒரு லட்டு.

"சத்தம் அவளுக்கு ஆகாது. அவ நல்லதுக்குத்தான்," என்று மனைவியிடம் சொன்னேன். சத்தம் ஆகாது என்பது உண்மைதான். நான் வரைந்தது அதற்காக இல்லை. அத்தையிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டியதைச் சொல்லத் துப்பில்லாமல், மகளுக்குப் படம் போட்டுக் காட்டினேன்.

பத்மஜா ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். பெல் அடித்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வந்தவர்கள் போனதும் வெளியே வந்து கையை நீட்டுவாள். லட்டு கொடுப்பேன். குழந்தை எங்கே என்று கேட்டவர்களுக்கு, "பத்மஜா இல்லை, பாட்டு கிளாஸுக்குப் போயிருக்கா," என்று சொல்லி ஒரு சிரிப்புச் சிரிப்பேன். மீதி எட்டு நாளில் முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு காது இருக்கிறது என்று ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை.

"இப்போ என்ன சமத்து! கொழந்தை இருக்கற எடமே தெரியல்லையே," என்றாள் அத்தை. எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதக் கூசுகிறது. ஆனாலும் இருந்தது.

கொலு முடிந்ததும் கார்டைக் கிழித்துப் போட்டேன். சுவரிலிருந்துதான் போயிற்று. கூரியர், கேஸ் சிலிண்டர், யார் பெல் அடித்தாலும் பத்மஜா சாப்பிடுகிற தட்டை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். நாங்களும் லட்டு டப்பாவைக் காலியாகாமல் பார்த்துக்கொண்டோம். சௌகரியமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

இந்த வருஷம் அவள் வகுப்பில் அஸ்வதி என்று ஒரு பெண் வந்து சேர்ந்தாள். பத்மஜாவுக்குப் பச்சை கிரேயான் பிடிக்கும் என்று கண்டுபிடித்து, தன் டப்பாவிலிருந்து பச்சையை எடுத்து அவளுக்காக வைத்திருப்பாளாம். பத்து வார்த்தைக்கு மேல் பேசாத என் மகள் ஒரு நாள் பதினோராவது வார்த்தையோடு வீட்டுக்கு வந்தாள். "அஸ்வதி."

பிறந்தநாளுக்கு அஸ்வதியைக் கூப்பிட்டோம். ஒரு மாதம் முன்பே புதுக் கார்டு செய்தேன். பெல், திறந்த கதவு, அஸ்வதியின் போட்டோ. மனைவி வெளியே போய் பெல் அடித்துப் பழக்கினாள். பத்மஜா புதுக் கார்டைக் கவனமாகப் பார்ப்பாள். பார்த்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

"ஒட்டறது எளுப்பம் சாரே, பறிச்செடுக்கத்தான் பாடு," என்றாள் சிஜி. "அன்னிக்கு பெல்லை கழட்டி வைங்கோ."

கழற்றிவைத்தேன். பிறந்தநாளன்று மதியம் சாப்பாடு ஆனதிலிருந்து பத்மஜா புதுப் பாவாடையோடு ஜன்னலில் நின்றாள். "அஸ்வதி, அஸ்வதி" என்று கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள். நாலு மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. அஸ்வதி இறங்கி ஓடிவந்து வாசலில் பெல் சுவிட்சை அழுத்தினாள். சத்தம் வரவில்லை. குழந்தைதானே, வாயாலேயே அடித்தாள்.

"டிங் டாங்! டிங் டாங்!"

பத்மஜாவின் கை கம்பியை விட்டது. அறைக்குள் போனாள். தாழ்ப்பாள் விழுந்தது.

அஸ்வதி உள்ளே வந்து, "பத்மஜா எவிடே?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"பத்மஜா இல்லை, பாட்டு கிளாஸுக்குப் போயிருக்கா."

என் குரல். என் அவசரம். முடிவில் அந்த அசட்டுச் சிரிப்புகூட. என் மகள் வாழ்நாளில் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

கெஞ்சினேன். தரையில் படுத்துக் கதவிடுக்கில் வாயை வைத்து, "அஸ்வதி வந்திருக்காடா கண்ணு, அப்பா தப்பாச் சொல்லிட்டேன்," என்றேன். அதே வாக்கியம் திரும்ப வந்தது. அரை மணி நேரம் கழித்து அஸ்வதி கதவோரம் ஒரு பெட்டியை வைத்தாள். முழுக்கப் பச்சை கிரேயான்கள். அவள் அம்மா, "சாரமில்லா, பின்னே வராம்," என்று எனக்குச் சமாதானம் சொல்லி அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஸ்கூட்டர் சத்தம் தேய்ந்ததும் தாழ்ப்பாள் விலகியது. பத்மஜா ஜன்னலுக்கு ஓடி வெறும் தெருவைப் பார்த்தாள். முகமெல்லாம் நனைந்திருந்தது. பிறகு என்னிடம் வந்து வலது கையை நீட்டினாள். நான் வரைந்த மூன்று படத்தையும் அவள் பிசகாமல் செய்துவிட்டாள், நாலாவது பாக்கி.

டப்பாவைத் திறந்து லட்டை எடுத்துக் கொடுத்தேன். அழுதுகொண்டே தின்றாள். கை மட்டும் தட்டவில்லை.